இரண்டாவது சரணம் பாக்கி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். அங்கு தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நலமாக இருப்பதில் தங்களை மிஞ்ச யாரால் முடியும்.

தங்கள் மகளின் திருமண வரவேற்பில் போடுவதற்குப் பாட்டுகள் சேர்ப்பதாகவும், "எல்லாரும் இப்ப என்ன பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு சொல்லுங்க" என்று குடும்பக் குழுவில் தாங்கள் கேட்டிருப்பதாகவும் தங்கள் அக்கா சொன்னாள். அந்தக் குழுவிலிருந்து நான் விலகிவிட்டது தாங்கள் அறிந்ததே. என் பிறந்த நாளன்று எல்லாரும் இரண்டு வரியாவது வாழ்த்து எழுதியிருக்க, ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டுப் போனார். அவர் யார் என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். ஆகவே பதிலைக் கடிதமாகவே எழுதுகிறேன். பாட்டைப் பற்றி என்னிடம் கேட்கும் துணிச்சல் வேறு யாருக்காவது வந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பேன். தங்களுக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தங்கள் திருமண வரவேற்பில், வீட்டு மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடட்டும் என்று எல்லாரும் என்னை மேடைக்குத் தள்ளிவிட (யாரும் தள்ளவில்லை, நானாகத்தான் ஏறினேன் என்று தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படிக்கும் தங்கள் அக்கா சொல்கிறாள், அவளுக்கு ஞாபகசக்தி குறைவு), நானும் மழைக்குக் காத்திருப்பவன் பாடுகிற அந்தப் பழைய பாட்டை எடுத்து, பல்லவியும் முதல் சரணமும் முடித்து, இரண்டாவது சரணத்தில் குரலை மேலே கொண்டுபோகும் இடத்துக்கு வந்தபோது, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த நீ, ஆமாம், நீதான், மேடையை விட்டு இறங்கிப் போய் மைக்செட்காரரின் காதில் ஏதோ சொன்னாய். மைக் செத்துப்போனது. திரும்பி வந்து, "கரண்ட் போயிடுச்சு அத்தான்" என்றாய். நான் அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாரிடம் சொல்கிறாய் மாப்பிள்ளை, நான் இயற்பியல் வாத்தியார்.

அந்த மின்விசிறி இன்னும் என் தலைக்குள் சுற்றுகிறது. அதனால்தான் உன் மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அழைப்பிதழ் வந்த அன்றே சொல்லிவிட்டேன். உன் அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தனக்கு மட்டும் துணிமணி எடுத்து அடுக்கிப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டாள். போகும்போதும் வரும்போதும் நான் அதில் இடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் திட்டம். அது நன்றாகவே நடக்கிறது.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில். இப்போதெல்லாம் நான் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்கிறேன். அதே பாட்டு. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள், காதை முழுதாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று அனுப்பியிருந்தாள். "இதை மாட்டிக்கிட்டா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காதுப்பா" என்றாள். "அம்மா கூப்பிட்டா?" என்றேன். "அதுவும் கேக்காது. ஆனா நான்தான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். அன்றிலிருந்து கல்லூரி விட்டு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, அதைக் காதில் கவிழ்த்துக்கொண்டு, அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டேன். சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எங்கள் கல்லூரி முதல்வரும் இல்லை, என்னை முந்திக்கொண்டு அவர் முதல்வரான கதையும் இல்லை, மேல்வீட்டுக் குழந்தையும் இல்லை. அந்தக் குழந்தைக்கு நான் சங்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆலைச் சங்கு போல நேரம் தவறாமல் ஊதும். கூடவே மனதுக்குள் நானும் பாடிக்கொள்வேன். மனதுக்குள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

கொஞ்ச நாளில் எங்கள் குடியிருப்பில் எல்லாரும் என்னிடம் ஒரே விஷயத்தைப் பேச ஆரம்பித்தார்கள். முதலில் கீழ்த்தளத்துத் தையற்காரர், சட்டைக்கு அளவெடுக்கும் சாக்கில், "சார், சாயந்திரத்துல ஒரு பாட்டு கேக்குதே, உங்களுக்கு எதுவும் கேக்கலையா?" என்றார். "கேட்கவில்லையே" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, என் கழுத்தளவை எடுக்கும்போது மட்டும் டேப்பைக் கொஞ்சம் இறுக்கினார். அடுத்தது காவலாளி: "அய்யா, நம்ம பில்டிங்ல யாருக்கோ பாட்டுன்னா உசுரு போல." பிறகு மாடிப்படியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அதிர்ந்து பேசாத மனிதர். "சங்கீதம் நல்லதுதான் சார், ஆனா ஜன்னலைச் சாத்திக்கிட்டுப் பாடினா இன்னும் நல்லதுன்னு சிலர் அபிப்பிராயப்படறாங்க" என்று சொல்லி, என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இத்தனை வருடங்களில் இந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் என்னிடம் குறை சொல்லி முறையிட்டதில்லை, என்மேல்தான் முறையிடுவார்கள். கடைசியில் என் அருமை தெரிந்து, அநியாயத்தைத் தட்டிக்கேட்கத் தகுந்த ஆள் நான்தான் என்று தேடி வந்திருக்கிறார்கள். "கவலையே படாதீங்க, அந்த ஆளை நான் பாத்துக்கறேன்" என்றேன். செயலாளர் படியில் ஒரு கணம் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

புகார் மனுவை நானே எழுதினேன். எழுத்து என்றால் எப்படிப்பட்ட எழுத்து! 'இசை என்ற பெயரில் அன்றாடம் மாலை நேரத்தில் நிகழ்த்தப்படும் இந்த வன்முறை' என்று ஆரம்பித்து, ஒலி அலைகள் சுவரில் மோதித் திரும்பும் விதத்தை ஒரு பத்தியில் விளக்கி, 'அந்த நபருக்கு வெட்கம் என்ற உணர்ச்சியை அவருடைய பெற்றோர் கற்பிக்கத் தவறிவிட்டனர்' என்று முடித்து, முதல் கையெழுத்தை நானே போட்டேன். பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொருவரும் மனுவைப் படிப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி படிப்பார்கள், பேசாமல் கையெழுத்துப் போடுவார்கள். தையற்காரர் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பெரிய மனுஷன் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. கையெழுத்துப் போடாதது ஒரே ஒரு வீடு, மேல்வீடு. சங்கின் அம்மா, "வேணாம் அங்கிள், பாவம், யாரோ பாடிட்டுப் போகட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டிலேயே ஒரு சங்கை வைத்திருப்பவளுக்கு அடுத்தவர் சத்தம் எங்கே உறைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். உன் அக்காவும் வந்து ஓரமாக உட்கார்ந்தாள். செயலாளர் மனுவை வாசிக்கவே கூச்சப்பட்டார். "சார், இது பேசித் தீத்துக்கற விஷயம். நீங்களே மனசு வச்சிட்டீங்க, அதுவே போதும்" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அறிவியல் படித்தவன். ஆதாரம் இல்லாமல் யாரையும் குற்றம் சொல்வது என் வழக்கமில்லை (இங்கே உன் அக்கா சிரிக்கிறாள்). ஆதாரம் எங்கே என்று கேட்டேன். "ஒருத்தர்கிட்டகூடவா பதிவு இல்ல?" என்று அதட்டினேன். தையற்காரர் தயங்கித் தயங்கித் தன் செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மாப்பிள்ளை, அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நம் பாட்டு. அதே பாட்டு. அதைக் கையைக் காலைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார் யாரோ ஒரு மனிதர். மேல்வீட்டுப் பெண்ணின் இடுப்பில் அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்த சங்குகூட அதிர்ச்சியில் வாயை மூடிக்கொண்டது. நான் எழுந்து நின்று கூட்டத்துக்கு விளக்கினேன். "கவனிங்க. சுருதி ஒரு பக்கம் போகுது, தாளம் ஒரு பக்கம் போகுது, ஆள் நடுவுல வழி தெரியாம நிக்கறாரு. இப்ப ரெண்டாவது சரணம் வருது, மேலே ஏறணும்... பாத்தீங்களா, படியில கால் தடுக்கி விழுந்த மாதிரி! இந்த ஆள் கையில எவனாவது மைக்கைக் குடுத்தா, மனசாட்சி உள்ளவன் ஓடிப்போய் சுவிட்ச அணைக்கணும். நானா இருந்தா அணைச்சிருப்பேன்!"

நான் சொல்லி வாய் மூடவில்லை. பாட்டுக்குப் பின்னாலிருந்து, அதே செல்போனில், ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏங்க... டீ ஆறுது!"

பாட்டு நிற்கவில்லை. மறுபடியும், "ஏங்க, ஆறியே போச்சு!"

டீ ஆறுவதைப் பற்றி இவ்வளவு அலுப்பாகப் பேசும் குரல் எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒன்றுதான். நான் உன் அக்காவைப் பார்த்தேன். அவள் எதிரே நின்ற கார்களை எண்ணுவது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, அதனால் நம் காதுக்கு மட்டும் அது கனமாகவும் இனிமையாகவும் இருக்கும், பதிவு செய்து கேட்டால் வேறொருவர் குரல் போலத் தோன்றும் என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். தேர்விலும் கேட்கிறேன். யாராவது தப்பாக எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

அப்போது செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பதிவு சரியில்ல சார், போன் பழசு" என்றார். தையற்காரர் உடனே, "ஆமாங்க, அன்னிக்கு மழை வேற" என்றார். அன்று மழையே இல்லை. போனும் புதுசு. மேலே ஏதாவது சுற்றுகிறதா என்று என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். அப்போதுதான் மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக நீ வந்து "கரண்ட் போயிடுச்சு அத்தான்" என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. அது கேலி செய்த முகம் இல்லை. தையற்காரர் முகம்தான் அது. என்னை எப்படியாவது மானத்தோடு கீழே இறக்கிவிட வேண்டுமே என்று தவித்த முகம்.

வீட்டுக்கு வந்து, "தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?" என்று உன் அக்காவிடம் கத்தினேன்.

"எதுக்குச் சொல்லணும்? நாள் பூரா யாரையாவது திட்டிக்கிட்டே இருக்கீங்க. அந்த ஒரு மணி நேரந்தான் உங்க வாயிலருந்து திட்டு வராம வேற ஏதோ வருது. அதையும் கெடுப்பானேன்?"

"புகார் எழுதினப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க இதுவரைக்கும் எழுதின புகார்ல நியாயமான புகார் அது ஒண்ணுதான். அதைப் போயி நான் தடுப்பனா?" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

ஆகவே மாப்பிள்ளை, எழுத்து மூலமாகச் சொல்கிறேன். அன்று நீ மைக்கை அணைத்தது சரி. கொஞ்சம் முன்னாலேயே அணைத்திருக்கலாம். இருபத்தைந்து ஆண்டுக் கோபத்தை இத்துடன் இறக்கி வைக்கிறேன். கூட்டம் முடிந்த நாளிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. ஹெட்போனை அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டேன். கூடத்துப் பெட்டியில் என் வேட்டி சட்டையையும் வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவோம். வாயைத் திறந்தால் சாப்பிட மட்டுமே திறப்பேன். வரவேற்பில் உனக்குப் பிடித்த பாட்டைப் போடு. பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். உன் மகளுக்கும் அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். அவர்கள் வாழ்க்கையில் சுருதியும் தாளமும் ஒரே பக்கமாகப் போகட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். கட்டைவிரல் படத்தையும் மன்னித்துவிட்டேன்.

இப்படிக்கு,
பகையை மறந்த,
உன் அத்தான்.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் மேல்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். தலை கலைந்து, கண் சிவந்து, இடுப்பில் ஊதிக்கொண்டிருக்கும் சங்கோடு நின்றாள். "அங்கிள், நீங்க பாட்ட நிறுத்தினதுலருந்து இவ சாயந்திரம் தூங்கவே மாட்டேங்கறா. உங்க பாட்டைக் கேட்டாதான் கண்ணு சொக்கும். அதனாலதான் நான் கையெழுத்தே போடல. ஒரே ஒரு தடவை பாடிடுங்களேன்" என்றாள். அசல் பாட்டைப் போட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். போட்டாளாம், சங்கு கூடுதலாக அழுததாம். ஹெட்போன் இருக்கும் அலமாரியை நான் தொடவே இல்லை. வாசலில் நின்றபடியே பாடினேன். முதல் சரணம் முடிவதற்குள் சங்கு அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துவிட்டது. இதைத்தான் நாங்கள் சோதனை என்போம். பாட்டு ஒன்று, பாடியவர் வேறு என்றால் அழுகை, நான் என்றால் தூக்கம். கோளாறு என் குரலில் இல்லை என்பது இதிலிருந்து அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிறது. கோளாறு தாங்கள் ஏற்பாடு செய்திருந்த மைக்கில். எனவே மேலே எழுதிய யாவற்றையும், கட்டைவிரல் மன்னிப்பு உட்பட, வாபஸ் பெறுகிறேன். முதல் நாளே வருவதில் மட்டும் மாற்றமில்லை. வரவேற்பில் எனக்கு மைக் வேண்டும். இரண்டாவது சரணம் இன்னும் பாக்கி இருக்கிறது. நான் பாடி முடிக்கும்வரை தாங்கள் மைக்செட்காரர் பக்கமே வரக்கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுதான் பாடுவேன்.