எட்டாவது விருத்தம்

புத்தளம் கரையோரத்தில் குப்பைக்கும் தெருவிளக்குக்கும் எதுகை மோனை போட்டு ஆட்சி நடத்திய ஒரே தலைவர் எங்கள் விருத்தம் நானாதான். இல்லை என்பவர்கள் என்னோடு வாதாட வரலாம். அவர் பிரதேச சபைத் தவிசாளராக இருந்த காலம் முழுக்க நான் அங்கே கடிதங்கள் பார்க்கும் இலிகிதர்.

பதவி ஏற்ற வாரமே குப்பை ட்ரெக்டரின் பெட்டியில் தன் கையாலேயே பூநாரைக் கூட்டம் ஒன்றை வரைந்தார். படம் நன்றாக இருந்தது, அதுதான் வினை. பூநாரை மேல் மீன் கழிவைக் கொட்ட மனம் வராமல் சனம் தெருவிலேயே கொட்டியது.

நுரைச்சோலைக்காரர் ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தார். நானா நிலாவைப் பற்றி ஒரு விருத்தம் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்.

"நிலா பாதி மாசம்தானே சேர். மிச்ச நாளைக்கி?"

"மிச்ச நாளைக்கி நட்சத்திரத்தப் பத்தி ஒண்டு தாறன். பொறுங்க."

அடுத்த வாரமே விளக்கும் எரிந்தது. கவிதைக்காக வேலையை மறக்கிற மனிதர் அல்ல அவர்.

உச்சமுனைத் தீவு விஷயம்தான் இழுபட்டது. அங்கே கிணறுகள் பாதி வற்றி, மீதி உவர்த்துப்போய், குடிக்கத் தண்ணீர் இல்லை. தாங்கிகளும் தண்ணீர் கொண்டுபோக ஒரு படகும் மேலிடம்தான் தரவேண்டும். நானா விருத்தமாகவே கடிதம் எழுதுவார். அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து அனுப்புவது என் பொறுப்பு. எனக்கா தெரியாது, அரசாங்கக் கந்தோரின் சுபாவம்? விருத்தத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, 'தண்ணீர்த் தாங்கி தேவை' என்று இரண்டு வரி அனுப்பினேன். இப்படி ஏழு கடிதங்கள் போயின. ஒன்றுக்கும் பதில் இல்லை.

எட்டாவது எழுதப்பட்டபோது நான் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தேன். முந்தலிலிருந்து புதிதாக வந்த பெண் இலிகிதர் அந்த விருத்தத்தை அப்படியே நாலடிச் சிங்களக் கவியாக்கி அனுப்பிவிட்டார். மேலதிகாரியும் கவி எழுதுகிறவராம். பதிலுக்கு அவரும் நாலடி எழுதி, அடியில் படகுக்கும் தாங்கிகளுக்கும் அனுமதி போட்டிருந்தார்.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று நானா தன் கொப்பியைத் திறந்துவைத்து, முதல் ஏழு விருத்தத்தையும் கிழிக்கப் போனார்.

"ஏன் சேர்?"

"எட்டாவதுக்குத்தானே தம்பி அந்தாளுக்கு மனசு இளகின. இந்த ஏழுலயும் உயிர் இல்லப் போல."

இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனில்லை.

"சேர், அந்த ஏழும் போகவே இல்ல. நான் ரெண்டு வரிதான் அனுப்பின."

நானா கண்ணாடியைக் கழற்றினார். என்னைத் தீவுக்கே இடமாற்றிவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப ஒருத்தரும் வாசிக்கல்லயா?"

"நான் வாசிச்சன் சேர்."

"ஏழையுமா?"

மூன்றாவதைச் சொல்லத் தொடங்கினேன்.

"வற்றிய கிணற்றின் ஓரம் வரிசையில் குடங்கள் நிற்கும்;
பெற்றவள் வானம் பார்த்துப் பிள்ளையைத் தூங்கச் சொல்வாள்..."

அதை நான் மனப்பாடம் பண்ணியதே இல்லை. தானாக வந்தது.

நானா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு கொப்பியை மூடினார்.

"ரெண்டாவது அடியில கொஞ்சம் நிண்டு சொல்லணும் தம்பி. ஓடக்கூடாது."

இப்போது அவர் பதவியில் இல்லை. புதிய தவிசாளரின் கடிதங்களை ஐந்து நிமிடத்தில் மொழிபெயர்த்துவிடுகிறேன். மிச்ச நேரத்தில் லாச்சியைத் திறந்து அந்த ஏழையும் வாசிக்கிறேன், ஓடாமல்.