வெறுங்கையோடு வந்த வெற்றி

மதுரை இந்த உலகத்துக்கு எத்தனையோ கொடைகளை அளித்திருக்கிறது. அவற்றுள் தலையாயது தங்கப்பாண்டியின் முகம் என்பது என் தாழ்மையான கருத்து. காரணம், அதில் ஒன்றுமே தெரியாது.

சாதாரண முகங்களில் பசி தெரியும், பயம் தெரியும், மாதக் கடைசி தெரியும். எங்கள் வில்லாபுரம் தெருவில் எதிர்வீட்டுக்காரரான தங்கப்பாண்டியின் முகமோ வெள்ளையடித்த சுவர். சீட்டாட்டத்தில் கையில் ராஜா இருந்தாலும் ரெண்டு இருந்தாலும் அதே சுவர். இப்பேர்ப்பட்ட முகத்தை வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் வைத்திருப்பது தேசிய விரயம் என்று உணர்ந்து அவர் வேலையை விட்டார். 'தொழில்முறைப் போக்கர் போட்டியாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தார். கோவாவில் நடக்கும் போட்டிகளுக்குப் பணம் கட்டிப் போவதும், அங்கிருந்து திரும்பி வருவதும் தொழில்.

மாமனார் தவசிக்கு மட்டும் அது பிடிபடவில்லை.

"அப்ப மாப்ள சீட்டாடுறீக."

"சீட்டாட்டம் இல்ல மாமா. மைண்ட் ஸ்போர்ட்."

"சீட்டே இல்லாமயா?"

"சீட்டு இருக்கும். ஆனா அது முக்கியமில்ல."

"துட்டு?"

தங்கப்பாண்டி பதிலுக்கு முகத்தைக் காட்டினார். தவசி அதை நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். மௌனத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு.

மனைவி முனீஸ்வரிக்கு ஒரு சங்கடம். கணவர் ஜெயித்து வந்தாரா, தோற்று வந்தாரா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியாது. கேட்டால், "அதெல்லாம் லாங் டெர்ம்ல பாக்கணும்" என்பார். ஆனால் அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். தோற்று வரும் நாளில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், மாயக்காளின் பூக்கடையில் மனைவிக்கு மல்லிகைப்பூ வாங்கிவிடுவார். ஜெயித்த நாளில் அந்த ஞாபகமே வராது. சிறிய தோல்விக்கு ஒரு முழம். பைக் போன அன்று முழுப் பந்து.

விரைவில் தெருவே இதைக் கற்றுக்கொண்டது. அவள் தலைநிறையப் பூவோடு தண்ணீர் பிடிக்க வந்தால் பெண்கள் துக்கம் விசாரித்தார்கள்.

"இம்புட்டுப் பூவா? எதுடி போச்சு?"

"பிரிட்ஜு, மதினி."

தெருவில் இது தெரியாதவர் ஒருவர்தான். எதிரில் இருப்பவரின் இமை அசைவதை வைத்தே சீட்டைச் சொல்லிவிடும் அவர், தன் கையில் தொங்கிய பூவைப் படித்ததில்லை. மேதைகள் அப்படித்தான்.

இந்த ஆண்டு 'பெரும் போட்டி' வந்தது. அவனியாபுரத்தைத் தாண்டி ஒரு மனை இருந்தது. கல்யாணத்தின்போது தவசி மாப்பிள்ளை பெயரில் எழுதிக் கொடுத்தது. அங்கே கட்டப்போகும் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் என்பதுவரை முனீஸ்வரி முடிவு செய்திருந்தாள்.

"அடகுதான் வைக்கிறேன். ஜெயிச்சு வந்ததும் மீட்டுருவோம்."

"தோத்துட்டா?"

சுவர்.

அவர் திரும்பி வரும் நாளன்று தெருவே வாசலில் நின்றது. ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஒரு கையில் பை. மறு கையில் ஒன்றுமில்லை. பூ இல்லை. ஒரு இணுக்குகூட இல்லை.

முனீஸ்வரி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். சாயங்காலத்துக்குள் 'கோவாவை வென்ற கோமானே' என்று பிளெக்ஸ் ஏறியது. தெரு நலச் சங்கம் அவசரமாகக் கூடியது. தலைவர் அழகுபாண்டி பொன்னாடை போர்த்தினார். தங்கப்பாண்டி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அந்த மொகத்துல ஜெயிச்ச திமிரு துளியாச்சும் இருக்கா பாருங்க" என்றார் அழகுபாண்டி. எல்லோரும் கைதட்டினோம். நான் சற்று அதிகமாகவே தட்டினேன்.

மறுநாள் காலை தவசி கொத்தனாரை அழைத்துக்கொண்டு பூமி பூஜைக்குக் கிளம்பினார். முனீஸ்வரி தட்டில் தேங்காய் பழம் எடுத்துக்கொண்டாள். பொன்னாடையைக் கழற்றாத தங்கப்பாண்டியோடு தெருவும் போனது. மனையைச் சுற்றிப் புதுக் கம்பிவேலி. உள்ளே போர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இடத்துல யாருய்யா போர் போடுறது?" என்றார் தவசி.

வேலிக்குள் இருந்தவர் நிதானமாக வந்தார். "என் இடந்தாண்ணே. போன மாசமே கிரயம் முடிஞ்சிருச்சு. இந்தா, பொன்னாடையோட நிக்கிறாரே, இவர்தான் கையெழுத்துப் போட்டாரு."

அடகு இல்லை. விற்பனை.

முனீஸ்வரி திரும்பினாள். "அப்ப ஜெயிச்சிருந்தாலும் இது வந்திருக்காது."

"லாங் டெர்ம்ல பாத்தா..."

"ஜெயிச்சீகளா?"

"இல்ல."

"பெறகு ஏன் பூ வாங்கிட்டு வரல?"

தங்கப்பாண்டி தம் தொழில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அடுத்தடுத்து இரண்டு கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னார்.

"பழைய பாக்கியக் கட்டுனாத்தான் பூன்னு மாயக்கா சொல்லிருச்சு."

அழகுபாண்டி என் காதருகே குனிந்தார். குரலில் பக்தி குறையவில்லை.

"இப்பவும் பாருங்க, மொகத்துல ஒண்ணுமே தெரியல. மனுசன் எப்பிடி மறைக்கிறாரு."

அது முனீஸ்வரி காதிலும் விழுந்தது. தட்டைத் தன் அப்பாவிடம் கொடுத்தாள்.

"மறைக்கிறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணும்ண்ணே."