டொக்டருக்கு இரண்டு நிழல்

படம் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கக்கூடாதவர்கள் இரண்டு வகை. கதை தெரியாமல் கேள்வி கேட்பவர்கள் ஒன்று, கதை தெரிந்துகொண்டு பாடம் எடுப்பவர்கள் மற்றது. நான் இரண்டாவது வகை. (முதல் வகையையாவது மன்னிக்கலாம் என்பது மாமியின் கட்சி.)

முள்ளியவளையில் வயல் செய்யும் என் மாமா, இளந்தாரியாக இருந்தபோது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தார். கரண்ட் இல்லாத காலம். வாடகை வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வைத்து முற்றத்தில் காட்டிய படம். பெரிய பங்களா, பணக்காரக் கிழவர் கொலை, வீட்டில் எல்லார் மேலும் சந்தேகம். கடைசியில் கொலைகாரன் முகத்தைத் திருப்பப்போகும் கணத்தில் ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. பிறகு இடம்பெயர்வுக்கு மேல் இடம்பெயர்வு. அந்த முகம் திரும்பவேயில்லை. கிழவரின் தம்பிதான் கொன்றான் என்று மாமாவும், சமையற்காரிதான் என்று அதே முற்றத்தில் இருந்து பார்த்த மாமியும் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து சண்டை.

போன வருடம் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பிடித்தவள் நான். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் திரைப்பட ரசனைப் பயிற்சி ஒன்று முடித்திருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் குறியீடு. (குசினி ஜன்னல் கம்பியின் நிழல் மீன்குழம்பில் விழுந்ததற்கும் விளக்கம் கொடுத்திருந்தேன்.) முதல் நாளே தனியாக முழுப்படத்தையும் பார்த்து ஆராய்ந்தும் விட்டேன்.

ஞாயிறு பின்னேரம். மாமா குளித்து, திருநீறு பூசி, டிவிக்கு முன் கதிரையைப் போட்டு அமர்ந்தார். பக்கத்தில் மாமி. சற்று நேரத்தில் திரையில் குடும்ப டொக்டர் படியால் இறங்கி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. படத்தை நிறுத்தினேன்.

"மாமா, வடிவாப் பாருங்கோ. மற்ற ஆக்களுக்கு ஒரு நிழல், டொக்டருக்கு மட்டும் ரெண்டு. கண்ணாடியில முகம் பிளந்து தெரியுது. நல்லவன் வேஷம் போட்ட கொலைகாரன் எண்டு டைரக்டர் தொடக்கத்திலயே..."

வசனத்தை முடிக்கத் தேவையிருக்கவில்லை.

"அப்ப டொக்டரோ" என்றார் மாமா, செத்தவீட்டுக் குரலில். பிறகு எழுந்து மண்வெட்டியைத் தேடினார். வயலுக்குப் போகத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

"சும்மா பேய்க்காட்டினனான் மாமா. டொக்டர் இல்லை. அம்மாளாணை." (வற்றாப்பளை அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

மண்வெட்டி சுவரில் சாய்ந்தது. அதன்பின் டொக்டர் வரும்போதெல்லாம் மாமா திரையை ஒருமுறையும் என் முகத்தை ஒருமுறையும் பார்த்தார். சந்தேகநபர்களில் நானும் ஒருத்தி. போதாக்குறைக்கு, இருவருக்கும் நிழல் பார்க்கும் வியாதி தொற்றிவிட்டது. தம்பியாருக்கும் இரண்டு நிழல் என்று மாமா படத்தைப் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். சமையற்காரிக்கு நிழலே இல்லை, அதைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும் என்று மாமி வாதாடினார். பயிற்சியில்கூட இப்படியொரு விவாதம் நடக்கவில்லை.

கடைசியில் கொலைகாரன் முகத்தைத் திருப்பினான். டொக்டர்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். மாமா தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"படம் எடுத்தவன் என்னை ஒருக்காத்தான் ஏமாத்த நினைச்சவன். இவள் முதல் உண்மையைச் சொல்லிப் படத்தைக் கெடுத்தாள், பிறகு பொய்யைச் சொல்லிக் காப்பாத்திப்போட்டாள்."

போன மாதம் கிளிநொச்சியில் எனக்கு வேலை கிடைத்தது. மூச்சிரைக்க மாமாவுக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்துச் சொன்னேன். மறுமுனையில் மாமியிடமும் சொல்லிச் சிரிக்கும் சத்தம். பிறகு நிதானமாகக் கேட்டார்:

"பிள்ளை, இது முதல் சொன்ன மாதிரியோ, பிறகு சொன்ன மாதிரியோ?"