ஆறு பேருக்கு ஒரு சஹன்

அன்புள்ள ஹிஷாம் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம், உம்மாவின் முழங்காலைத் தவிர. வொய்ஸ் போட்டால் நீங்கள் டோஹாவில் இருந்துகொண்டு இரட்டை வேகத்தில் ஓட்டிக் கேட்பீர்கள், ஆகவே எழுதுகிறேன்.

தங்கச்சி ஸப்னாவின் கலியாணச் சாப்பாட்டைக் காப்பாற்றியது யாரென்று உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான்தான். வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறையில் சண்டை பிடித்து, வாப்பாவும் காலிதீன் மாமாவும் நாலு வருஷமாகக் கதைப்பதில்லை அல்லவா? உம்மா அழுதுகொண்டே, "என்ட கூடப்பிறந்தவன் ஒரு மூலையில, இந்த மனிசன் ஒரு மூலையில. எஞ்சினியர் எண்டு நீ என்னத்துக்குடா இரிக்காய்?" என்றார்.

தாள் எடுத்தேன். ஒரே பெரிய தட்டில் சேர்ந்து தின்கிற சஹன்; அதைச் சுற்றி ஆறு பேர், ஆறு புள்ளி. கதைக்கிற இருவருக்கிடையே பச்சைக் கோடு, கதைக்காதவர்களுக்கிடையே சிவப்பு. எந்த ஆறு பேரை இருத்தினாலும் ஒரே நிறத்தில் ஒரு முக்கோணம் விழுந்தே தீரும். எப்படியா? ஒருவரிடமிருந்து ஐந்து கோடு போகிறது; நிறம் இரண்டுதான்; ஆகவே குறைந்தது மூன்று ஒரே நிறம். பச்சை என்று வையுங்கள். அந்த மூவரில் எந்த இருவர் கதைத்தாலும் முதலாமவரோடு சேர்ந்து பச்சை முக்கோணம், ஒருவரோடொருவர் கதைக்காவிட்டால் அவர்களே சிவப்பு முக்கோணம். சிவப்பென்று வைத்தாலும் இதே கதை. ஐந்து பேரென்றால் தப்பலாம், ஆறில் தப்பவே முடியாது. ஆகவே சிவப்பு முக்கோணம் விழாத ஆறு பேரைப் பொறுக்கினால், கதைத்துச் சிரிக்க மூவர் நிச்சயம். அந்தச் சத்தத்தில் மற்றவர்கள் பேசாமல் தின்றுவிட்டு எழும்பலாம். துணிந்து வாப்பாவையும் மாமாவையும் ஒரே சஹனில் போட்டேன்.

வாப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னடா, மீன் வலையா? சோறு திங்கவும் படம் கீறணுமா?"

நானா, கலியாணத்தன்று கண்ணால் கண்டேன். வாப்பா நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து மாமாவின் பக்கம் தள்ளினார்.

"போதும் மச்சான், கொலஸ்ட்ரோல்."

"இண்டைக்குத் தின்னு. நாளைக்குக் குளிசை போடு."

கணக்குச் சோறு போடுமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே. போட்டது, சஹனில்.

மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் சீக்கிரம் லீவும் தரட்டும்.

இப்படிக்கு,
தம்பி றுமைஸ்

பி.கு.: இதை ஒட்டுமுன் கலியாணப் படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். அந்த சஹனில் ஐந்து பேர்தான். ஆறாவதாக நான் போட்ட பக்கத்து வீட்டு அப்ராஸ் வரவேயில்லை. ஐந்துக்கு என் கணக்குச் செல்லாது. உம்மாவிடம் கேட்டேன். அன்று காலை வாப்பாவே என் தாளோடு மாமா வீட்டு வாசலில் போய் நின்று, "மகன் நம்மள ஒரே சஹன்ல போட்டிரிக்கான். நீ வராட்டி அவன்ட கணக்குப் பிழைச்சிரும், வா மச்சான்" என்றாராம்.