கோச் வாய்மூடிய பெரும்போர்

வாழ்க அவர்! பந்து உருண்ட திசையெல்லாம் விழி உருட்டியவர், ஒரு விசிலில் ஐவர் படையைத் திருப்பியவர், நடுவருக்குக் கேட்டும் கேட்காத அளவில் திட்டும் கலையில் நிகரற்றவர், பாஸ்கெட்பால் அணியின் முன்னாள் கோச், இந்நாள் தற்காலிக ஜெனரல் மேனேஜர், அவர் புகழ் ஓங்குக! களத்தில் படை நடத்தியவன் அரியணையில் அசையாமல் அமர்வானா என்னும் ஐயம் தீர ஒரு பெரும்போர் மூண்டது. போர்க்களம், மைதானத்துக்கு மேலே இருந்த கண்ணாடி அறை. எதிரி, அவருடைய சொந்த வாய்.

போர்விதியை முழங்கியவர் அணியின் முதலாளி. கோச்சின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன்.

"இங்க பாரு மாப்ள, மேனேஜர்னா ஆள எடுக்கணும், ஆள அனுப்பணும், சம்பளம் பேசணும். கீழ எவன் எப்படி ஓடுறான்னு பாக்க புது கோச் இருக்காரு. இன்னைக்கு மேட்ச் முடியறவரைக்கும் கத்தாம உக்காந்திரு, வேலை உனக்குத்தான். முடியலன்னா, என் தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

தங்கச்சி அடுத்த நாற்காலியிலேயே இருந்தார். இந்த வேலைக்காக அண்ணன் வீட்டுக்கு நடையாய் நடந்தவர் அவர்தான். பழைய வேலையில் வேறு ஆள் வந்தாயிற்று. இதுவும் போனால் கோச்சுக்கு வீடுதான் கதி.

ஆட்டம் தொடங்கியது. மாவீரர் மலையென அமர்ந்தார். ஆனால் கூடைக்கடியில் நிற்க வேண்டிய நெட்டையன், ஒட்டகம் என்று பட்டம் பெற்றவன், கோட்டோரம் நின்று தலைமுடியைக் கோதினான். அது கண்டு கோச்சின் அடிவயிற்றில் திரண்ட வசைச்சொற்படை நெஞ்சுக்கோட்டையைக் கடந்து, தொண்டையென்னும் குறுகிய கணவாயில் நெருக்கியடித்து ஏறி, பல்மதிலை முட்டி, உதட்டுக்கதவின் தாழை அசைத்தபோது, வீரர் தம் கைக்குட்டையையே கேடயமாக வாய்க்குள் திணித்து அப்படையை முழுதாகச் சிறைப்பிடித்தார்.

"மூஞ்சி ஏன் இப்படி செவக்குது? மூச்சு விடுங்க," என்றார் மனைவி.

கைக்குட்டையை எடுத்தார். "ஒட்டகம் எங்க நிக்குதுன்னு பாரு."

"அது எங்கயோ மேயட்டும். நீங்க உக்காருங்க."

கீழே புது கோச்சோ, வீரர்கள் ஊமைக்கோட்டான் என்று மறைவில் அழைக்கும் அந்த அமைதிக்கடல், கைகட்டி, கால்மேல் கால் போட்டு, தம் சேனை சிதறுவதைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுதி நொடிகள். நம் அணி ஒரே புள்ளி முன்னால். பந்தும் நம்மவர் கையில். ஒட்டகம் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென விழித்தது. அக்கணம் கோச்சின் உடல், உத்தரவின்றிப் பாய்ந்த போர்க்குதிரையாய் எழுந்தது. நெற்றி கண்ணாடியில் மோதிய பேரோசை அரங்கெங்கும் முழங்கியது. ஐந்து தலைகள் அண்ணாந்தன. கோச்சின் வாய் திறக்கவில்லை. ஆனால் கைகள், அந்தோ, பழகிய கைகள், ஒரு கையைக் கிடத்தி மறு கையை அதன்கீழ் நிறுத்தி, ஆட்டத்தை நிறுத்திப் பெஞ்சுக்கு அழைக்கும் டைம் அவுட் சைகையைக் காட்டிவிட்டன!

ஐவரும் பந்தை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் பெஞ்சுக்கு ஓடினார்கள். நடுவர் விசில் ஊதவே இல்லை. ஆளற்ற களத்தில் எதிரணிச் சிறுவீரன் ஒருவன் பந்தைப் பொறுக்கி, "சார், போடலாமா?" என்று கேட்டான். நடுவர் தோளைக் குலுக்கினார். போட்டான். மணி அடித்தது.

முதலாளி படியேறி வந்தார்.

"மச்சான், நான் கத்தல!" என்றார் கோச், நெற்றியைத் தேய்த்தபடி.

"கத்தல மாப்ள, ஒத்துக்கறேன். நீ மேல கைய தூக்குனா கீழ அஞ்சு பேரும் ஓடுறானுங்க. புது கோச் பக்கத்துலயே உக்காந்திருக்காரு, ஒருத்தன் அவர திரும்பிப் பாக்கல. ஆனா ஒண்ணு, ஜெயிச்ச மேட்ச் கண்ணு முன்னாடி போகுது, மனுஷன் போட்ட காலை எடுக்கலயே! அதான்யா மேனேஜர். அவர மேல வரச் சொல்லு. நீ கீழ போ."

"அப்ப வேலை இருக்குல்ல?" என்றார் மனைவி.

"இருக்கு, இருக்கு."

இவ்வாறு அரியணை இழந்து போர்க்களம் மீட்ட பெருந்தகை, தோல்வியையே வாகையாகச் சூடி, திசை எட்டும் அதிர, படி நெடுக ஒட்டகத்தைத் திட்டியபடியே இறங்கினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி மருந்துக்கடையில் ஒரு அட்டை தொண்டை மாத்திரை வாங்கினார்.