பாத்தியா சாரும் விழுந்த பெயர்ப் பலகையும்

உலகத்தில் நடந்த எந்தச் சம்பவத்தையும் உடனே நம்பிவிடாத ஒரே மனிதர் கிழக்குத் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் குடியிருக்கிறார். இன்று காலை சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால்கூட "நீ பாத்தியா?" என்றுதான் கேட்பார். எட்டு மணிக்கு எழுந்திருக்கும் என்னைப் போன்றவர்களால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

எங்கள் கல்லூரியில் வரலாறு எடுத்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டுக்கு வெளியே அது புழங்கி நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் கேன்டீன் அக்காவுக்கும் அவர் பாத்தியா சார். கல்லூரி முடிச்சூர் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. காமர்ஸ் எடுக்கும் நானும் அவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏறுவோம். அது என் தலையெழுத்து.

ஒரு நாள் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"மண்ணிவாக்கத்தாண்ட லாரி கவுந்துக்கீது சார். இப்போதிக்கி நவுராது."

"நீ பாத்தியாப்பா?"

"இல்ல சார். முன்னாடி நிக்கிற ஆட்டோக்காரன் சொன்னான்."

"அவன் பாத்தானா?"

"அவனுக்கு பஸ் டிரைவர் சொல்லிக்கிறாரு. இன்னா சார் நீ, காலங்காத்தால பேஜார் பண்ணிகினு."

பாத்தியா சார் பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வழி கிடைத்து வண்டிகள் நகர ஆரம்பித்தன. வேகாத வெயிலில் எதிரே நடந்து வந்துகொண்டிருந்தவரை நிறுத்தி ஏற்றிக்கொண்டோம். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மாடு."

நடுரோட்டில் ஒரு மாடு படுத்திருந்திருக்கிறது. பின்னால் ஒரு லாரி நின்றிருக்கிறது. இது வாய் மாறி வாய் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தபோது மாடு காணாமல் போய், படுத்தது லாரியாகிவிட்டது. "மூணு வாய் தாண்டி வர்றதுக்குள்ள இந்தக் கதி. முந்நூறு வருஷம் வந்தா என்ன ஆவும், யோசிச்சுப் பாருங்க சார்" என்றார். நான் முதல் பீரியடைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் அவர் இருந்தது சொற்ப காலம். பப்பாளி இலை எதையெல்லாம் குணப்படுத்தும் என்று யார் அனுப்பினாலும் "நீங்க பாத்தீங்களா?" என்று கீழே பதில் வந்து நிற்கும். ஒரு மழை நாளில் பிரின்ஸிபால், நாளை விடுமுறை என்று செய்தி போட்டார். கலெக்டர் சொன்னதை நேரில் கேட்டது யார் என்று இவர் கேட்டார். குழப்பத்தில் மறுநாள் பாதி ஸ்டாஃப் முட்டளவுத் தண்ணீரில் வந்து, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று மாலையே அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதை மட்டும் விடமாட்டார். இது என்ன நியாயம் என்று ஒரு நாள் மடக்கினேன்.

"ஏசுவப் பத்தி நாலு பேர் எழுதியிருக்காங்க சார். அங்கங்க கொஞ்சம் வேற வேற மாதிரி இருக்கும். அதனாலதான் எனக்கு நம்பிக்கையே. நாலும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா, உக்காந்து பேசி வெச்சு எழுதியிருக்காங்கன்னு அர்த்தம்."

இதைப் போதகரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் பொறுமையாகக் கேட்டு, நன்றி சொல்லி, இவர் எடுத்துவந்த சண்டே ஸ்கூலுக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

வகுப்பிலும் இதே கூத்துதான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டார். கல்லூரியில் சமீபத்தில் நடந்த ஏதாவது அற்ப விஷயத்தை எடுத்துக்கொள்வார். கேன்டீனில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்பு போட்டது யார் என்பது ஒரு வருடத்துப் பாடம். பிள்ளைகள் போய்ப் பார்த்தவர்களை விசாரிக்க வேண்டும். பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். "பானிபட் எப்போ சார்?" என்று துறைத் தலைவர் கேட்டால், "நேத்து வெச்ச சாம்பாரே தெளியல. பானிபட் எங்கயும் போவாது சார்" என்பார்.

போன வருடம் கல்லூரி வாசல் வளைவிலிருந்த பெயர்ப் பலகை விழுந்தது. காற்றில் விழுந்துவிட்டது என்று நிர்வாகம் சொன்னது. நிர்வாகம் என்றால் கரஸ்பாண்டன்ட். அந்த ஊர்ப் பழைய குடும்பம். அவருடைய தாத்தா நெல் விளைவித்த நிலத்தில் இவர் பி.காம் விளைவிக்கிறார். பாத்தியா சார் பலகையைப் பாடமாக எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் கிளம்பினார்கள். குரங்கு என்றார் கேன்டீன் அக்கா. துரு என்றது இயற்பியல் துறை. அன்று தன் பிளாஸ்டிக் கவர்கூடப் பறக்கவில்லை என்றார் எதிரே பூ விற்பவர். வாட்ச்மேன், "நம்ம கரஸ்பாண்டன்ட் சார்தான் காரை ரிவர்ஸ் எடுத்தாரு, நான் பாத்துகினுதானே இருந்தேன்" என்றார். ஐந்து தரப்பையும், நிர்வாகத்தின் காற்று உட்பட, அழகாக எழுதித் துறையின் தகவல் பலகையில் ஒட்டிவிட்டார்கள். முடிவு எதுவும் சொல்லவில்லை. வாட்ச்மேனுக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பெயரை மறைத்து, 'எப்போதும் கேட் அருகில் நிற்கும் ஒருவர்' என்று போட்டிருந்தார்கள். அவர் கரஸ்பாண்டன்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் தப்பித்தார்.

பாத்தியா சார் யாருக்கும் சொந்தமில்லை. வருடா வருடம் மே மாதம் நீட்டிப்பு வாங்கும் ஒப்பந்த ஆசிரியர். ஐம்பதை நெருங்கும் வயது, பத்தாவது படிக்கும் மகள். அந்த மே மாதம் நீட்டிப்புக்குப் பதில் விசாரணை வந்தது. குற்றம், போர்ஷன் முடிக்கவில்லை. சாட்சி, அவருடைய பிள்ளைகள்.

வகுப்புப் பிரதிநிதி ஷர்மிளா, பம்மல் பெண், கெட்டிக்காரி. அவளைத் தனியாக அழைத்து, "போர்ஷன் முடிச்சிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, போதும்" என்றேன். "சரி சார்" என்று தலையாட்டினாள்.

நானும் அவரும் விசாரணை நடந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் திறந்திருந்தது.

"சார் போர்ஷன் முடிச்சாராம்மா?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"முடிக்கல சார்" என்றாள் ஷர்மிளா. "அஞ்சு யூனிட்ல ரெண்டு."

"கிளாஸ்ல தூங்குவாரா?"

"ஒரு தடவ கண்ண மூடிக்கினு இருந்தாரு சார். தூங்கினாரா, யோசிச்சாரான்னு தெரியாது."

"நான் ரெண்டு தடவ பாத்தேன் சார்" என்றான் ஒரு பையன்.

பிரின்ஸிபால் நல்ல மனிதர். காப்பாற்ற நினைத்தார். "ஆனா நல்லா நடத்துவார், இல்லையா?"

"அது கருத்து சார்" என்றாள் ஷர்மிளா.

"சரி, அவர் இங்க இருக்கணுமா, வேணாமா?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"இருக்கணும் சார்." இந்த முறை எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"ஏன்?"

"ஆதாரம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள் ஷர்மிளா. "எங்களுக்கு ஆசையா இருக்குது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இவர், "எவ்ளோ சுத்தமா சொல்றாங்க, கேட்டீங்களா சார்?" என்றார்.

"வேலை போவுது சார்."

"ஆமா சார்" என்றார். முகத்தில் அத்தனை பெருமை. ஆனால் மடியிலிருந்த டிபன் பாக்ஸை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெளியே வந்த ஷர்மிளா அழுதாள். "சாரி சார். பொய் சொல்லலாம்னுதான் போனேன். வாய் வரல."

"ரெண்டாவது யூனிட்லயும் கடைசிப் பாடம் நான் எடுக்கலம்மா" என்றார் அவர். "அத சொல்லாம வுட்டுட்ட."

நீட்டிப்பு வரவில்லை. சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்போது யார் எதைச் சொன்னாலும் எல்லோரும் உடனே நம்பிவிடுகிறோம். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. எனக்கு அந்த அறையே பிடிக்கவில்லை.

தினமும் காலையில் அவர் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயிலுக்கு நிற்கிறார். எனக்கு அந்தப் பிளாட்பாரத்தில் எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் எட்டு மணித் தூக்கத்தை விட்டுவிட்டுப் போய், அவருடைய வண்டி வரும்வரை கூட நின்று, ஏதாவது ஒன்றைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டுதான் என் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறேன். ரயில் லேட்டாக வரும் நாட்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன.