இலையில் பாயசம் மறுக்கப்பட்டது தொடர்பாகவும், காரின் ஹீட்டர் ஒழுக்கு தொடர்பாகவும்

ஜோகுபாளையம், பெங்களூரு
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் இராஜமாணிக்கம் அவர்களுக்கு,

இங்கு நானும் தங்கள் தங்கை வனஜாவும் நலம். தாங்களும் மரகதம் அக்காவும் நலமென்றும், குடியாத்தத்தில் புது வீட்டின் பெயின்ட் வேலை முடிந்திருக்குமென்றும் நம்புகிறேன். ஞாயிறன்று நடைபெறும் புதுமனை புகுவிழா விருந்தில் என் இலைக்கு மட்டும் பாயசம் கிடையாது என்று தாங்கள் தொலைபேசியில் அறிவித்த தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரியே இக்கடிதம்.

நம் இருவருக்கும் சர்க்கரை உண்டு. தாங்கள் நாக்கைக் கட்டிய பெருமையை மரகதம் அக்கா சொல்லாத ஆளில்லை. எனக்கும் விசேஷ நாளில் அரை டம்ளர் பாயசம் மட்டுமே மருத்துவர் அனுமதி. ஆனால் நான் காரில் ஒளிந்து இனிப்பு தின்கிறேன் என்று வனஜா தங்களிடம் சொன்னது உண்மையன்று. கொஞ்ச நாளாகக் காரில் ஏறினாலே பாகு காய்ச்சுவது போல வாசனை. முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம். முன்பக்கம் வனஜா உட்காரும் இடத்தில் கால்விரிப்பெல்லாம் ஈரம். வனஜா மூக்கை உறிஞ்சி, "மைசூர் பாகா, பாதுஷாவா?" என்றாள். இரண்டும் இல்லையென்றேன். "அப்போ ஜாங்கிரி" என்று முடித்துவிட்டாள். தாங்களும் விசாரணையின்றி, "மாப்பிள்ளை, இந்த வயசுல நாக்கைக் கட்ட வேணாமா?" என்று கேட்டுவிட்டீர்கள்.

நான் முறைப்படி ஆராய்ந்தேன். ஏ.சி. தண்ணீருக்கு நிறமிருக்காது, விரிப்பை வெள்ளைத் துணியால் ஒற்றினால் பச்சை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் பச்சை. அதன் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே வந்தது, வண்டிக்கடியிலோ ஒரு சொட்டில்லை. ஆக, அது வண்டிக்குள்ளேயே ஒழுகுகிறது, அதற்கு இனிப்பு வாசனை உண்டு என்று வனஜாவுக்குக் கைப்பேசியில் படித்துக் காட்டினேன். "அப்படியா, தொட்டு நாக்குல வெச்சுக் காட்டுங்க" என்றாள். அது விஷம் என்றேன். "வாசனை வருமாம், வாயில வெக்கக் கூடாதாம்! எவ்ளோ வசதி பாருங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு பிரிஜெட் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஜீவனஹள்ளி மெக்கானிக் க்ளென்னிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சாட்சிக்கு வனஜாவையும் அழைத்துச் சென்றேன். அவர் கூலன்ட் போகும் வழியில் காற்றை அழுத்தி, அழுத்தமானியின் முள் இறங்குவதைக் காட்டி, "ஹீட்டர் கோர் காலி சார். குட்டி ரேடியேட்டர் மாதிரி, டேஷ்போர்டுக்குள்ள குந்தினு இருக்குது. மாத்தணும்னா மொத்தமும் கழட்டணும். வேணாம். அதுக்குப் போற ஹோஸையும் வர்ற ஹோஸையும் ஒண்ணா சேத்து பைபாஸ் பண்ணிடறேன்" என்றார். வண்டியின் கையேட்டில் இதற்கு இடமில்லையே, டிசம்பரில் ஹீட்டர் வேண்டுமே என்றேன். "பெங்களூர் குளிருக்கு ஹீட்டரா சாரே? சும்னே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கங்க. சிவாஜிநகர் டிராஃபிக்ல மாட்டினா தன்னால சூடாயிடுவீங்க." கையேட்டுக்கு மாறாக என் வாழ்வில் ஒப்புக்கொண்ட முதல் காரியம் இதுதான், மனம் என்னவோ நிறைவாகவே இருக்கிறது. இரு ஹோஸ்களுக்கும் நடுவே ஒரு குழாய், இருபுறமும் கிளாம்ப். அப்புறம் முள் அசையவேயில்லை. "சரி சரி, தெரியாம சொல்லிட்டேன். அதுக்குன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க" என்றாள் வனஜா. இதை விடுதலைத் தீர்ப்பாகவே கொள்கிறேன்.

ஆகவே அந்த வண்டிக்குள் இனிப்பு என்ற பொருள் ஒருபோதும் நுழைந்ததில்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறேன். புது வீட்டில் தாங்களும் அக்காவும் குறைவின்றி வாழ இறைவனை வேண்டும்,

தங்கள் தங்கை கணவன்,
கோவிந்தப்பா

பின்குறிப்பு: விரிப்பைக் காயவைக்க இருக்கையைக் கழற்றிய க்ளென், அதன் அடியில் கிடைத்ததென்று சற்றுமுன் ஒரு பொருளைத் தந்துவிட்டுப் போனார். காலி பேடா டப்பா. அதற்குள், போன முறை இங்கு வந்தபோது இரயிலில் தொலைந்ததென்று தாங்கள் வருந்திய மூக்குக்கண்ணாடி. மேலே நான் உறுதியளித்த வாக்கியத்தை அடித்துவிடவும். வனஜா கோயிலுக்குப் போயிருக்கிறாள். மரகதம் அக்காவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. கண்ணாடியை ஞாயிறன்று பந்தியில் நேரில் தருகிறேன். அரை டம்ளர் என்பதை மட்டும் முழு டம்ளர் என்று திருத்திப் படிக்கவும்.